அறுபதைத் தாண்டியவரின் பயணத் தடுப்பூசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி விஷயத்தில் வயதானவர்களுக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கின்றன. "இந்த வயதில் ஊசியெல்லாம் எதற்கு, உடம்பு தாங்காது" என்பது ஒன்று. "எல்லோரும்தானே போட்டுக்கொள்கிறார்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. எல்லாத் தடுப்பூசிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

டெட்டனஸ், வெறிநாய்க்கடி, ஊசியாகப் போடும் ஃப்ளூ, ஊசியாகப் போடும் டைஃபாய்டு ஆகிய தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. வயது கூடுவதால் மட்டும் இவை ஆபத்தாகிவிடுவதில்லை. சொல்லப்போனால், ஊசி போட்ட பிறகு வரும் கை வலியும் காய்ச்சலும் இளைஞர்களைவிட முதியவர்களுக்குப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் மந்தமாக எதிர்வினையாற்றுவதே காரணம். அதே மந்தத்தால் பாதுகாப்பும் மெதுவாகத்தான் உருவாகிறது. பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பு ஓடிப்போய் ஊசி போட்டுக்கொள்வது முதியவர்களுக்கு அதிகம் நஷ்டம் தருவது இதனால்தான்.

உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட தடுப்பூசிகளின் கதை வேறு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி அந்த வகை. 60 வயதுக்கு மேல் வாழ்நாளில் முதல் முறையாக இதைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஊசியில் உள்ள வைரஸே உடலில் பெருகிக் கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தாக்குவது இவற்றில் மோசமானது. அமெரிக்கப் பதிவுகளின்படி, எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் லட்சம் டோஸுக்கு இது சுமார் 0.3 பேருக்கு நேர்கிறது. 70 வயதைக் கடந்தவர்களிடம் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2 முதல் 3 வரை போகிறது. அரிதுதான், ஆனாலும் வித்தியாசம் சிறியதல்ல. மறுபுறம், மஞ்சள் காய்ச்சல் நோய் கடுமையாகப் பிடித்தவர்களில் 30 முதல் 60 விழுக்காட்டினர் இறந்துபோகிறார்கள். நோய் பரவும் காட்டுப் பகுதிக்கு உண்மையிலேயே போகிறவர் ஊசிக்குப் பயந்து அதைத் தவிர்த்தால், சிறிய ஆபத்தை விலக்கிப் பெரிய ஆபத்தை வாங்கிக்கொள்கிறார்.

ஆகவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "நான் போகும் இடத்தில் நோய் இருக்கிறதா, அல்லது குடியேற்ற அதிகாரிக்குக் காட்டச் சான்றிதழ் மட்டும்தான் தேவையா?" என்பதே. சில நாடுகளில் மஞ்சள் காய்ச்சலே கிடையாது. ஆனால் அந்த நோய் உள்ள நாட்டின் வழியாக வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பார்கள். அப்படியானால் விமானத்தின் வழித்தடத்தை மாற்றினாலே போதும், ஊசியே தேவைப்படாது. உடல்நிலை காரணமாக ஊசி கூடாது என்று மருத்துவர் விலக்குக் கடிதம் தரவும் சர்வதேச விதிகளில் இடமுண்டு. அதை அந்த நாடு ஏற்குமா என்பதை முன்கூட்டியே தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய சான்றிதழைத் தூக்கி எறிவதும் வீண் வேலை. பத்து ஆண்டுகளே செல்லும் என்ற பழைய விதி 2016 ஜூலை 11 முதல் மாறிவிட்டது. இப்போது அது வாழ்நாள் முழுவதும் செல்லும், பழைய அட்டைக்கும் இது பொருந்தும்.

சிக்குன்குன்யாவுக்கும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்ட முதியவர்களிடம் கடும் பக்கவிளைவுகள் பதிவானதைத் தொடர்ந்து, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. உயிருள்ள வைரஸ் இல்லாத சிக்குன்குன்யா தடுப்பூசியும் இருக்கிறது. பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாமல், எந்த வகை என்று கேளுங்கள்.

மருந்துப் பட்டியலை அரைகுறையாகச் சொல்வதும் ஆபத்தானது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பதையோ, ஆஸ்துமாவுக்காக வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியதையோ பலர் சொல்வதில்லை, "அதற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைக்கிறார்கள். இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை, எனவே உயிருள்ள தடுப்பூசியைப் பொறுத்தவரை சம்பந்தம் நிறையவே இருக்கிறது. நெஞ்சுக்குள் இருக்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பியில் நோய் இருந்தாலோ, எப்போதோ அதை அகற்றியிருந்தாலோகூட, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள்: ஊசிக்காகத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையில்லாதது, பக்கவாதம் வரை கொண்டுவிடக்கூடியது. மெல்லிய ஊசியால் குத்தி, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். மேற்கொண்டு கன்றிப்போனாலும் சில நாளில் மறைந்துவிடும்.

ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் வலி, அசதி, லேசான காய்ச்சல் வருவது இயல்பு. அக்கித் தடுப்பூசியில் இவை சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அதைப் பயண வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட பத்து நாளுக்குள் கடும் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது போன்றவை தெரிந்தாலோ, ஒரு மாதத்துக்குள் குழப்பமான பேச்சோ நடையில் தள்ளாட்டமோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமாலைப் போட்டுச் சமாளித்துக்கொண்டு விமானம் ஏறக்கூடாது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊசி போட்டுக்கொண்டால் இந்த நாட்கள் வீட்டிலேயே கழிந்துவிடும்.

மலேரியா உள்ள பகுதிக்குப் போய் ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலை "ஊசியின் வேலை" என்று தள்ளிவிடவே கூடாது. ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து வந்தாலும் அப்படித்தான். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து, எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.