திரை பார்த்துக் கண் எரிகிறதா? முதலில் இந்தத் தவறுகளை விடுங்கள்

மாலையானால் கண்ணில் மணல் அறுக்கிறது, எழுத்து மங்குகிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது. உடனே திரை வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டு நீல ஒளி தடுக்கும் கண்ணாடியை வாங்கிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளை அலசி 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கோளாறு பெரும்பாலும் வெளிச்சத்தில் இல்லை. சரியாக மூடாத இமையிலும், மணிக்கணக்கில் ஒரே தூரத்துக்கு இறுகி நிற்கும் கண் தசையிலும் இருக்கிறது.

இமையை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 தடவை சிமிட்டுகிறோம். திரையை ஊன்றிப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் கொஞ்சச் சிமிட்டலும் அரைகுறைதான். மேல் இமை பாதி வழி வந்து திரும்பிவிடும். இமை ஓரத்துச் சுரப்பிகள் எண்ணெய் விட வேண்டுமானால் இரண்டு இமையும் நன்றாகத் தொட்டாக வேண்டும். எண்ணெய் பூசாத கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சிமிட்டியதும் தெளிகிற மங்கல் என்றால் பெரும்பாலும் இந்த வறட்சிதான் காரணம். அதற்காகக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை.

மணிக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்: விரல் நுனிகளைக் கண்களின் வெளி ஓரத்தில் லேசாக வைத்து, மெதுவாக மூடி, இரண்டு நொடி பொறுத்துத் திறங்கள். பத்து முறை போதும். மூடும்போது விரலுக்கடியில் தசை இழுத்தால் அழுத்தி மூடுகிறீர்கள். இமை தானாக விழுவதுபோல் இருக்க வேண்டும். ஏசி காற்றோ மேசை விசிறியோ நேராக முகத்தில் அடித்தால் இந்தப் பயிற்சியெல்லாம் வீண். காற்றை வேறு பக்கம் திருப்புங்கள்.

மானிட்டரை உயரத்தில் வைப்பதும் கண்ணை உலர்த்தும். அண்ணாந்து பார்த்தால் கண் அகலத் திறந்து, காற்றுபடும் பரப்பு கூடுகிறது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். தூரம் 50 முதல் 70 செ.மீ. எழுத்து சிறிதாக இருந்தால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்: திரை விளக்குபோல் எரிந்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அழுக்குத் தாள்போல் தெரிந்தால் கூட்ட வேண்டும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி, 20 அடி தூரத்தைப் பார்க்கும் வழக்கம் பலருக்கும் தெரியும். ஆனால் அந்த 20 நொடியில் கை போனைத் தேடிவிடுகிறது. மானிட்டர் 60 செ.மீ. தள்ளி இருந்தால் போன் 30 செ.மீ.தான். ஓய்வு கேட்ட தசைக்கு இரட்டிப்பு வேலை. எதிர்ச் சுவரும் போதாது. ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியே தெரு முனை தெரிந்தால் அது போதும்.

நாற்பது தாண்டியவர்களின் சிக்கல் வேறு. படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்கு எழுதித் தரப்படுவது, மானிட்டர் அதைவிடத் தள்ளி இருக்கிறது. தூரத்துக்கு மேலும் கிட்டத்துக்குக் கீழுமாகப் பவர் உள்ள பைஃபோகல், ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலியை வரவழைத்துக்கொள்கிறார்கள். கண்ணிலிருந்து திரைவரை டேப் வைத்து அளந்து, பரிசோதனையின்போது அந்தத் தூரத்தைச் சொல்லுங்கள். கணினிக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கண்ணும் கழுத்தும் சேர்ந்து பிழைக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சொட்டு மருந்து விஷயம். மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய பாட்டில் வீட்டில் கிடக்கும், கண் சிவந்தால் அதை ஊற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மருந்து பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு மாயமாக மறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பாழாகலாம், கண்புரையும் வரலாம். சிவப்பை மட்டும் போக்கும் சொட்டுகளும் வேண்டாம். நிறுத்தியதும் சிவப்பு இன்னும் கூடித் திரும்பும்.

வறட்சிக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் (ப்ரிசர்வேட்டிவ்) சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்து, பையாக விரியும் இடத்தில் ஒரே சொட்டு விடுங்கள். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. விட்டதும் படபடவெனச் சிமிட்டாமல் ஒரு நிமிடம் மூடியிருங்கள். திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம் என்பது உறையில் இருக்கும். பலவற்றுக்கு ஒரு மாதம்தான்.

எரிகிறதென்று திறந்த கண்ணில் குழாய்த் தண்ணீரை அடிப்பதால் இருக்கிற கண்ணீரும் கழுவிப் போகும். தேன், வெங்காயச்சாறு, விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். கசக்கவும் கூடாது. தாங்கும் சூட்டு வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். இமைச் சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளகும்.

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் குறையவில்லையென்றால் கண் மருத்துவரிடம் போங்கள். கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். பரிசோதனைக்காகக் கண் பாப்பா விரிய மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டத் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.