விமானச் சிமுலேட்டரின் சொற்களைப் புதியவருக்கு விளக்கும் முறை

விமானச் சிமுலேட்டரை முதன்முறையாகத் திறக்கும் கிளிநொச்சிப் பிள்ளையிடம் சொற்பட்டியலை நீட்டாமல், அவர் கைபட்டு அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். வன்னியில் அதற்குப் பட்டத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் எண்ணம்.

பட்டத்தோடு பறக்கவிடும் நூலை இணைக்கும் கட்டுநூலான முச்சையை மாற்றிக் கட்டினால், பட்டம் காற்றுக்கு முகங்கொடுக்கும் சாய்வு மாறுகிறது. விமானத்தின் இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் அத்தகைய கோணமே ‘அங்கிள் ஒஃப் அட்டாக்’. அது ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிட, தூக்குவிசை சட்டெனக் குறைவதையே ‘ஸ்டோல்’ என்கிறார்கள். மோட்டார் சைக்கிள் இடைவழியில் நின்றுபோவதைப் போல இயந்திரம் நிற்பதாகவே பலர் இதை விளங்கிக்கொள்வதால், அந்தத் தவறை முதலிலேயே களையுங்கள். மூக்கைத் தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பதே மீளும் வழி என்பதைத் திரையில் செய்து காட்டுங்கள். ‘டிரிம்’ என்பதற்கும் முச்சையே உதவும்: சரியாகக் கட்டிய பட்டம் தன் சாய்வில் தானே நிற்பதுபோல, டிரிம் சரியாக அமைந்தால் கட்டுப்பாட்டுப் பிடியை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வேகத்துக்கு ஒரு கணக்குப் போதும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓடுபாதையில் மூக்கை உயர்த்தும் 55 நொட், மணிக்குச் சுமார் 102 கிலோமீற்றர். ஏ9 வீதியில் ஓடினால் தண்டம் கட்டவேண்டிய வேகம்.

ஓடுபாதையில் எழுதியுள்ள 09, காந்தத் திசைகாட்டியின் 90 பாகையை, அதாவது கிழக்கைக் குறிக்கும். மறுமுனையில் ஏன் 27 என்றிருக்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.