ஜிம்னிக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? அலாயை அப்புறம் பாருங்கள்

வண்டி வீட்டுக்கு வந்து பதினோராவது நாள் நான் அலாய் வீல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பு நிறம், அகலமான விளிம்பு, உள்ளே குழிந்த முகம். பார்த்ததும் பிடித்துவிட்டது. "8 ஜே சார், மைனஸ் 20 ஆஃப்செட். வண்டி செம லுக்கா நிக்கும்" என்றார் கடைக்காரர். நின்றது உண்மைதான். முதல் மழையில் நான்கு சக்கரமும் சேற்றை வாரி கண்ணாடி வரை அடித்ததும் உண்மை. மூன்று மாதத்தில் பாதி விலைக்கு விற்றேன். தப்பு கடைக்காரருடையது இல்லை. அவர் எண்ணைச் சொன்னார், எனக்குத்தான் அந்த எண் புரியவில்லை.

அந்த எண்களைப் புரிந்துகொண்டு, சரியான வரிசையில் முடிவெடுப்பது எப்படி என்று இதில் சொல்கிறேன். வரிசை இதுதான்: முதலில் பயன்பாடு, அடுத்து டயர், கடைசியில் ரிம். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். உதாரணத்துக்கு என்னிடம் இருக்கும் ஐந்து கதவு மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்கிறேன். வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

படி 1: இப்போது இருக்கும் டயரைப் படியுங்கள்

ஜிம்னியின் டயர் பக்கவாட்டில் 195/80 ஆர் 15 96 எஸ் என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 96 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை.

மொத்த உயரம் கண்டுபிடிக்க மனக்கணக்கே போதும். 195-ல் 80 சதவீதம் 156. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 312. 15 அங்குலம் 381 மி.மீ. கூட்டினால் 693 மி.மீ. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பார்க்கிற ஒவ்வொரு டயரையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: எங்கே ஓட்டுகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள்

நான் இருப்பது நாமக்கல். வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு. மாதத்தில் ஒருநாள் கொல்லிமலை, அதுவும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே போய்த்தான் மண் பாதை. இதற்கு ஏ.டி. டயர், அதாவது ஆல் டெரெய்ன், தாராளம். சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயர் பார்க்க முரட்டு அழகு. ஆனால் தார் ரோட்டில் 60-ஐத் தாண்டினால் ஹும்ம்ம் என்று ஒரு சத்தம் காதிலேயே நிற்கும், மழையில் பிரேக் பிடிக்கும்போது நம்பிக்கையும் குறையும். சேற்று வயலிலும் ஆஃப்ரோடு போட்டியிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது. வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கவே இறங்காது என்றால் கம்பெனி கொடுத்த எச்.டி., அதாவது ஹைவே டெரெய்ன், டயரையே தேயும் வரை ஓட்டலாம். பணம் மிச்சம்.

எல்.டி. என்று தொடங்கும் லாரி ரக டயர்களும் விற்கிறார்கள். ஜிம்னியின் மொத்த எடை முழுச் சுமையோடு 1,545 கிலோதான். இதற்கு அந்தக் கனமான டயர் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இடுப்பு வலிதான் மிச்சம்.

படி 3: எவ்வளவு பெரிதாக்கலாம்?

ஜிம்னிக்காரர்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டு அளவுகளைத்தான்.

215/75 ஆர் 15-ன் உயரம் 703.5 மி.மீ. கம்பெனி அளவைவிட ஒன்றரை சதவீதம் அதிகம்.

235/75 ஆர் 15-ன் உயரம் 733.5 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம்.

டயர் 40 மி.மீ. உயர்ந்தால் வண்டி 40 மி.மீ. உயராது. அச்சு டயரின் நடுவில் இருப்பதால் பாதிதான் கிடைக்கும். 235-ல் 20 மி.மீ., 215-ல் 5 மி.மீ. ஜிம்னிக்குக் கம்பெனியே 210 மி.மீ. தரை இடைவெளி கொடுத்திருக்கிறது.

அந்த 20 மி.மீ.க்கு என்ன விலை? மீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 6 சதவீதம் அதிக வேகத்தில் போவீர்கள், அதாவது 85-ஐ ஒட்டி. கிலோமீட்டரும் குறைவாகவே ஓடியதாகக் காட்டும். மைலேஜ் கணக்குப் போடுகிறவர்கள் குழம்புவது இங்கேதான். 1.5 லிட்டர் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி இருக்கும். இரண்டாவது கியரில் ஏறிய வளைவு முதல் கியர் கேட்கும். சுற்றுகிற எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

என்னைக் கேட்டால், மூன்று சதவீதம் வரை வேறு எதையும் தொடாமல் மாற்றலாம். அதற்கு மேல் போனால் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், ரிம், பம்பர் என்று செலவு சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டே போகும்.

படி 4: சப்பாத்தி மாவும் நான்கு ஹாலோ பிளாக்கும்

கணக்கு ஒத்து வந்தாலும் வண்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு நாடாவை விட மாவு நன்றாகச் சொல்லும்.

சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சை அளவில் ஏழெட்டு உருண்டை பிடியுங்கள். முன் சக்கர வளைவின் உள்ளே, டயர் உரசக்கூடும் என்று தோன்றும் இடங்களில் ஒட்டுங்கள். பம்பரின் பின் விளிம்பு, மட்ஃபிளாப், உள்பக்க பிளாஸ்டிக், அச்சைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம். பிறகு சமதரையில் இரண்டிரண்டாக ஹாலோ பிளாக் அடுக்கி, முன்னால் சரிவாக ஒரு பலகை போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாக ஒடியுங்கள். கூட ஒருவர் நிற்கட்டும். வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் போக வேண்டாம்.

இறக்கிவிட்டுப் பாருங்கள். நசுங்கிய உருண்டையின் மிச்சத் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடம். நசுங்காமல் இருந்தால், உருண்டையைவிட அதிக இடம் இருக்கிறது. 235 போட்டால் டயர் எல்லாத் திசையிலும் 20 மி.மீ. வளரும் என்பதால் அதைவிடக் குறைவான மிச்சம் இருக்கிற இடமெல்லாம் உரசும். என் வண்டியில் ரேடியஸ் ஆர்ம் பக்கம் மாவு அப்பளமாகிவிட்டது. அன்றே 215 என்று முடிவு செய்தேன். (மாவை உடனே துடைத்துவிடுங்கள். விட்டால் எறும்பு வரும்.)

படி 5: இப்போது ரிம்

215/75 ஆர் 15 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம். ஜிம்னியின் சொந்த ரிம் 5.5. அதாவது கம்பெனி ரிம்மிலேயே உட்காரும், ரிம் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. 235/75-க்கு 6 முதல் 8. கம்பெனி ரிம்மில் 235 மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறைய. கணக்குப்படி அது குறுகல்.

மாற்றுவதாக இருந்தால் நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும். முதலாவது பி.சி.டி., நட்டுகள் அமையும் வட்டம்: ஜிம்னிக்கு 5 நட்டு, 139.7 மி.மீ. இரண்டாவது நடு ஓட்டை, 108 மி.மீ. ஜிம்னியின் முன் ஹப், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி, வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பி.சி.டி. சரியாக இருந்தும் நடு ஓட்டை சிறிதாக இருந்ததால் நண்பன் ஒருவன் நான்கு ரிம்மையும் அப்படியே திருப்பிக் கொடுத்தான். மூன்றாவது, ரிம்மில் நட்டு உட்காரும் வாய். கூம்பு நட்டுக்கு வெட்டிய ரிம்மில் உருண்டை நட்டு போட்டால் இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது.

நான்காவது ஆஃப்செட். என்னைக் கவிழ்த்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உள்பக்கம் இருந்தால் மைனஸ். ஜிம்னிக்குக் கம்பெனி கொடுப்பது பிளஸ் 5. ஹப்பிலிருந்து ரிம் வெளியே எவ்வளவு வரும் என்று தெரிய, அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழியுங்கள். 5.5 அங்குலம் 139.7 மி.மீ.; பாதி 70, அதில் 5 போனால் 65. நான் வாங்கிய 8 ஜே, அதாவது 8 அங்குல அகலம், மைனஸ் 20-க்குப் பாதி 101.6, மைனஸைக் கழித்தால் கூடும், ஆக சுமார் 122. ஒவ்வொரு பக்கமும் 57 மி.மீ. வெளியே, கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். சேறு கண்ணாடிக்கு வராமல் என்ன செய்யும்? வீல் பேரிங்குக்கும் அது கூடுதல் பாரம்.

6 ஜே, ஆஃப்செட் பூஜ்யம் எடுத்திருந்தால்? வெளியே 11 மி.மீ., உள்ளே 1 மி.மீ. மட்டும். ரிம் மாற்றியே தீருவேன் என்கிறவர்களுக்கு நான் இதற்குப் பக்கத்தில்தான் தேடச் சொல்வேன்.

பெரிய விட்டத்துக்குப் போகாதீர்கள். 17 அங்குல ரிம் மாட்டினால் அதே உயரத்துக்குள் சைடுவால் குறையும். கல்லில் இடிபடும்போது வளைந்து கொடுப்பது சைடுவால்தான். மஹிந்திரா தாரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 255/65 ஆர் 18-ன் சைடுவால் 166 மி.மீ., 245/75 ஆர் 16-க்கு 184. மொத்த உயரத்தில் 16 அங்குலச் சக்கரம் 15 மி.மீ. குறைவு, ஆனால் ரப்பர் அதிகம்.

படி 6: பணம் கொடுக்கும் முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே உங்கள் மாடலுக்குக் கம்பெனி எந்த அளவுகளை அனுமதிக்கிறது என்று சர்வீஸ் சென்டரிலும், இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மட்கார்டைத் தாண்டித் துருத்தும் சக்கரம் எந்தச் சோதனைச் சாவடியிலும் கண்ணில் படும்.

டயரின் தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. ஜிம்னியின் நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கில் ஒன்று மட்டும் வேறு உயரமாக இருந்தால், நான்கு சக்கர ஓட்டத்துக்கான 4எச் போட்டதும் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கும். பெரிய ஸ்டெப்னி பின் கதவில் தொங்கும்போது பம்பரைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 7: மாட்டிய பிறகு

பேலன்சிங், அலைன்மென்ட் முடித்து, நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் 'டர்ர்ர்' என்று அடித்துவிட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 80, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

காற்று எவ்வளவு? ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கீழே போகாமல் அங்கிருந்து தொடங்குங்கள். சாக்பீஸால் டயரின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, நேரான ரோட்டில் நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரத்திலும் மட்டும் அழிந்தால் குறைவு. 26 பி.எஸ்.ஐ.-ல் தொடங்கிய எனக்கு, பரமத்தி ரோட்டில் நான்காவது முறை இறங்கிப் பார்த்தபோது, 28-ல் கோடு முழுதாக அழிந்திருந்தது.