டர்பனில் பருவம் பார்த்து உண்ணும் முறை

ஆயுர்வேத உணவு முறையைத் தென்னாப்பிரிக்காவில் கடைப்பிடிக்க விரும்புவோர், தமிழ் மாதங்களைக் கொண்டு உணவைத் தீர்மானிக்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்னும் பகுதியின் 6ஆம் அத்தியாயம், சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் ஆறு மாதங்களில் உடல்வலிமை குறையும், தெற்கு நோக்கித் திரும்பும் ஆறு மாதங்களில் கூடும் என்ற கணக்கின் மீது ஆறு பருவங்களின் உணவை வகுக்கிறது. அது பாரத நாட்டுக் கணக்கு. டர்பன் பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே பருவங்கள் தலைகீழ்; அதை ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும்.

அவ்வாறு படித்தால், மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இங்கே பனிக்காலம். வெளிக்குளிரால் செரிமானத் தீ உள்ளே அடைபட்டு வலுத்திருக்கும் என்பதால், நெய், பால், வெல்லம், உளுந்துப் பலகாரம், சேப்பங்கிழங்குக் கறி ஆகியவற்றைத் தயங்காமல் உண்ணலாம். அரைவயிறு உண்டால்தான் வாதம் மிகும். குளிர்ந்த நீரில் மாவு கரைத்த பானத்தைச் சரகர் இப்பருவத்தில் விலக்குகிறார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி இங்கே குளிர்காலத்தில் வருவதால், அந்தக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, சுடச்சுடக் குடிப்பதே பொருத்தம். நீர்த்த குளிர்பானங்களைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இறைச்சியை விலக்கும் புரட்டாசி விரதம் மட்டும் இடம் மாறியும் பிழைத்துக்கொண்டது என்பேன்; இங்கே அது இளவேனிலில் வருகிறது. பனிக்காலத்தில் சேர்ந்த கபம் இளவேனில் வெயிலில் உருகிச் செரிமானத்தை மந்தமாக்கும்போது, புளிப்பும் இனிப்பும் எண்ணெய்ப் பசையும் மிகுந்த கன உணவைத் தவிர்த்து, பார்லி, கோதுமை போன்றவற்றை உண்ணவும் பகல் உறக்கத்தை விடவும் நூல் சொல்கிறது. ஆனால் இறைச்சியை நிறுத்திவிட்டு நாள்தோறும் பூரியும் பாயசமும் உண்பவருக்கு இதனால் பயன் இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணா நோன்பு இருக்கக் கூடாது.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை கோடை; அப்போது இனிப்பும் குளிர்ச்சியும் நீர்ப்பதமும் உள்ள உணவு ஏற்றது. காரம், புளி, உப்பு, மது ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். அதன் பின் மார்ச் நடுவரை நூலின்படி மழைக்காலம். டர்பன் இருக்கும் நேட்டால் கடற்கரையில் மழையும் வெக்கையும் கலந்தே வருவதால், நாட்காட்டியைவிடப் பசியை நம்புவது நல்லது: பசி மந்தித்திருந்தால் பழைய அரிசிச் சோறும் பயற்றங்கஞ்சியும் காய்ச்சி ஆறிய நீரும் போதும். தொடர்ந்து வரும் இலையுதிர் காலத்தில் பித்தம் சீறும். பாகற்காய் போன்ற கசப்பைச் சேர்த்து, தயிரை விலக்க வேண்டும்.

கேப்டவுனில் மழை குளிர்காலத்தில் பெய்வதால், அங்குள்ளவர்கள் இந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. எந்த ஊரிலும் ஒரே நாளில் உணவை மாற்றலாகாது. முடியும் பருவத்தின் கடைசி 7 நாட்களையும் தொடங்கும் பருவத்தின் முதல் 7 நாட்களையும் சந்திக் காலமாகக் கொண்டு, பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைக் கூட்டுமாறு அஷ்டாங்க ஹிருதயம் என்னும் மற்றோர் ஆயுர்வேத நூல் கூறுகிறது.