பீரோவில் கிடக்கும் ஃபிலிம் லென்ஸ் உங்கள் டிஜிட்டல் கேமராவில் பொருந்துமா? ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம்

திருப்பாதிரிப்புலியூரில் என் மாமா கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். ஃபிலிம் ரோல் போடும் காலம் போனதும் அவருடைய நிக்கான் எஃப்எம்10 கேமராவும் மூன்று லென்ஸும் பீரோவின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன. நான் நிக்கான் டி3400 டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் லென்ஸ் இதுல மாட்டுமாடா?" என்று கேட்டார். மாட்டியது. படமும் வந்தது. ஒளி அளப்பதும் ஃபோகஸ் செய்வதும் மட்டும் என் வேலையாகிவிட்டன.

அன்றிலிருந்து யாராவது "இந்த லென்ஸ் பொருந்துமா?" என்று கேட்டால் அதை மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்கிறேன். கேமராவில் சிக்காமல் மாட்டுமா? மாட்டினால், தூரத்தில் இருப்பது தெளிவாக விழுமா? அப்புறம், ஒளி அளப்பதையும் ஃபோகஸையும் கேமரா பார்த்துக்கொள்ளுமா, நாம்தான் பார்க்க வேண்டுமா? முதல் இரண்டுக்கும் "ஆமாம்" வந்தாலே அந்த லென்ஸ் உங்களுக்கு உதவும். மூன்றாவது இல்லாமலும் சமாளிக்கலாம்.

படி 1: டார்ச் அடித்துப் பாருங்கள்

பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் நாம் இருப்பது கடற்கரை ஊர். கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றில் எப்போதும் ஈரம். மூடிவைத்த லென்ஸுக்குள் ஃபங்கஸ் (பூஞ்சை) பிடிக்க அது போதும். லென்ஸில் அப்பர்ச்சர் ரிங் (ஒளி நுழையும் துளையைக் கூட்டிக் குறைக்கும் வளையம்) இருந்தால் ஆகச் சிறிய எண்ணுக்கு, அதாவது முழுதாகத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது ஃபங்கஸ். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. நடுவில் அடர்த்தியாகப் படர்ந்திருந்தால் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அடுத்து அப்பர்ச்சர் இதழ்களைப் பாருங்கள். எண்ணெய் பளபளத்தால் அவை மெதுவாக மூடும், படம் வெளுத்துப்போகும். இரண்டு மூன்று தூசு இருப்பது ஒரு பொருட்டே இல்லை.

நல்ல லென்ஸ் என்றால் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். அவற்றைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம்.

படி 2: எந்த மவுண்ட் என்று கண்டுபிடியுங்கள்

லென்ஸும் கேமராவும் சேரும் உலோக வளையத்துக்குத்தான் மவுண்ட் என்று பெயர். லென்ஸின் முன்பக்கம் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டாம்ரான், சிக்மா, விவிட்டார் எல்லாம் பல மவுண்டுகளுக்கு லென்ஸ் செய்தவர்கள். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். மரை போட்டுச் சுற்றும்படி இருந்தால் பெரும்பாலும் எம்42. ஜெனித், பிராக்டிகா கேமராக்களோடு வந்தவை இந்த வகை. காதுபோல மூன்று உலோகத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் பயோனெட், அதாவது செருகிக் கொஞ்சம் திருப்பிப் பூட்டும் வகை. அதில் எந்தக் கம்பெனியுடையது என்பதை, தெரிந்த ஒரு கேமரா பாடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சுலபம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: எங்காவது இடித்தால் அழுத்தித் திருகாதீர்கள். சரியான லென்ஸ் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சுழன்று, "டிக்" என்று நிற்கும்.

படி 3: உங்கள் கேமராவின் குடும்பத்தைப் பாருங்கள்

நிக்கானை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கேதான் வாய்ப்பும் அதிகம், சிக்கலும் அதிகம். 1959-இல் வந்த எஃப் மவுண்ட்தான் நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) வரை தொடர்கிறது. வளையம் அதே வளையம், உள்ளே இருக்கும் ஏற்பாடு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முதல் பெரிய மாற்றம் 1977-இல். அந்த ஆண்டு வந்த 'ஏஐ' வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும், ஒன்று பெரிதாக, ஒன்று பொடியாக. அதற்கு முந்தையவற்றில் ஒரே வரிசைதான். அந்தப் பழையதை டி7000 போன்ற பாடியில் மாட்டினால், மவுண்டைச் சுற்றியிருக்கும் சின்ன நெம்புகோலில் ரிங் போய் இடிக்கும். நெம்புகோல் உடைந்தால் செலவு லென்ஸ் விலையைத் தாண்டிவிடும். ஒற்றை வரிசை எண் கண்ணில் பட்டால், ரிங்கைச் செதுக்கி ஏஐ ஆக மாற்றியிருக்கிறார்களா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்காமல் மாட்டாதீர்கள்.

இரண்டு வரிசை இருக்கிறதா? சரி, எந்த நிக்கான் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும். டி7000, டி7100, டி7200, டி610, டி750 போன்றவற்றில் மெனுவில் 'நான் சிபியூ லென்ஸ் டேட்டா' என்று ஓர் இடம் இருக்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தையும் (50 மி.மீ. என்பது போன்ற எண்) ஆகப்பெரிய அப்பர்ச்சரையும் (ரிங்கின் ஆகச் சிறிய எண்) அங்கே பதிந்துவிட்டால் கேமராவே ஒளியை அளக்கும். டி3400, டி5600 போன்ற சிறிய பாடிகளில் அந்த வசதி இல்லை. எம் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைக்கும் மேனுவல் மோடு) வைத்து நீங்களே கணக்குப் போட வேண்டும். எம்மைத் தவிர வேறு மோடில் வைத்தால் ஷட்டரே விழாது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

அடுத்தது 'ஏஎஃப்', 'ஏஎஃப்-டி' லென்ஸ்கள். ஃபிலிம் காலத்தின் கடைசியில் நிறைய விற்றவை. இவற்றில் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகாணி வழியாகச் சுழற்றும். டி90, டி7000 வகைகளில் அந்த மோட்டார் உண்டு, டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. அந்தச் சிறிய பாடிகளில் ஒளி அளக்கும், ஃபோகஸ் மட்டும் கையால். அப்பர்ச்சர் ரிங்கை ஆகப்பெரிய எண்ணில் (பெரும்பாலும் 22) பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் திரையில் பிழை காட்டும்.

கேனானுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1987-இல் இஓஎஸ் கேமராக்களோடு இஎஃப் மவுண்ட் வந்தது. ஃபிலிம் இஓஎஸ்ஸின் இஎஃப் லென்ஸ் இன்றைய கேனான் டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்யும். அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸ் (ஏஇ-1 கேமராவில் இருப்பது) மட்டும் ஒத்துவராது. காரணம் அடுத்த படியில்.

பென்டாக்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1975-இன் கே மவுண்ட் லென்ஸ் இன்றைய பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும். மெனுவில் அப்பர்ச்சர் ரிங்கை அனுமதித்துவிட்டு, எம் மோடில் பச்சைப் பட்டனை அழுத்தினால் ஷட்டர் வேகத்தை அதுவே சொல்லும். 1985-இல் வந்த மினோல்டா ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் சோனியின் ஏ மவுண்ட் கேமராக்களில் நேராகப் போகும்.

படி 4: அடாப்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கு

நான் தனியாக வாங்கிய முதல் பழைய லென்ஸ் எம்42 மரை போட்ட ஹீலியோஸ் 58 மி.மீ. விற்றவர் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஒரு நிக்கான் அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்தார். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரின் விரல்கள் அவ்வளவு அழகாக விழுந்தன. தூரத்தில் போன ஃபைபர் படகு மட்டும் எவ்வளவு திருகியும் மங்கலாகவே இருந்தது. லென்ஸ் பழுது என்று வருத்தத்தோடு திரும்பினேன். பழுது லென்ஸில் இல்லை, அளவில் இருந்தது.

ஒவ்வொரு லென்ஸும் ஃபிலிமிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் செய்யப்படுகிறது. அந்தத் தூரம் நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5, ஒலிம்பஸ் ஓஎம்முக்கு 46, பென்டாக்ஸ் கே, எம்42 இரண்டுக்கும் 45.46, கேனான் இஎஃப்புக்கு 44, மினோல்டா எம்டிக்கு 43.5, கேனான் எஃப்டிக்கு 42. லென்ஸின் எண் கேமராவின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், நடுவில் இருக்கும் இடைவெளியை வெறும் உலோக வளையத்தால் நிரப்பிவிடலாம், தூரமும் தெளிவாக விழும். சிறிதாக இருந்தால் லென்ஸ் தேவைக்கு மேல் முன்னால் தள்ளி நிற்கும், தூரம் தெளியவே தெளியாது. என் ஹீலியோஸுக்கு 45.46, நிக்கானுக்கு 46.5. நடந்தது அதுதான்.

அதே ஹீலியோஸ் கேனான் டிஎஸ்எல்ஆரில் நன்றாகவே உட்காரும். நிக்கான், ஒலிம்பஸ், பென்டாக்ஸ் லென்ஸ்களும் அடாப்டரோடு கேனானில் ஏறும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மேலே சொன்ன மற்ற எதுவும் ஒழுங்காக ஏறாது. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் கிடைக்கின்றன, ஆனால் படத்தின் கூர்மையை அவை குறைத்துவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள) கேனானில் சில லென்ஸ்களின் பின்பகுதி கேமராவுக்குள் இருக்கும் மிரரில் இடிக்கும், அதையும் விசாரித்துவிட்டு மாட்டுங்கள்.

படி 5: காலையில் பீச் ரோட்டுக்குப் போங்கள்

புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்றால் எதிரே அடிவானம், பின்னால் பழைய கலங்கரை விளக்கம். சோதிக்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

கேமராவை எம் மோடில் வையுங்கள். ஐஎஸ்ஓ 200, லென்ஸ் ரிங்கில் 16, ஷட்டர் 1/200. நல்ல வெயில் ஏறியதும் இந்த அளவு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். நிழலுக்குப் போனால் ரிங்கை 5.6 அல்லது 4-க்குத் திறங்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்து ஒரு படி ஏற்றி இறக்குங்கள். ஃபிலிம் ரோல் வீணாகும் என்ற கவலை இல்லாத இந்தச் சுதந்திரம் மாமாவுக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் ஃபோகஸ். லைவ் வியூவை (காட்சியைப் பின்திரையில் காட்டும் வசதி) போட்டு, பிளஸ் பட்டனால் பெரிதாக்கி, அடிவானக் கோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருகுங்கள். கோடு கூர்மையாக வந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நிக்கானில் வியூஃபைண்டர் ஓரம் எரியும் பச்சைப் புள்ளியும் உதவும்.

படம் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஃபிலிம் சட்டம் 36×24 மி.மீ., சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் அதைவிடச் சிறியது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் நிக்கானில் 75 போலவும் கேனானில் 80 போலவும் தெரியும். முகப் படங்களுக்கு இது வரம். புதுச்சேரி வெள்ளை நகரத்தின் (ஒயிட் டவுன்) குறுகலான வீதிகளில் மட்டும் பின்னால் போக இடம் போதாது.

எதிர்த்திசையிலும் போகலாமா?

புது லென்ஸைப் பழைய ஃபிலிம் கேமராவில் மாட்டும் ஆசையும் வரும். கேனானில் சிவப்புப் புள்ளி போட்ட இஎஃப் லென்ஸ் ஃபிலிம் இஓஎஸ்ஸில் போகும், வெள்ளைச் சதுரம் போட்ட இஎஃப்-எஸ் போகாது. நிக்கானில் 'ஜி' லென்ஸ்களுக்கு அப்பர்ச்சர் ரிங்கே இல்லை. எஃப்எம்10 போன்ற பாடியில் அவை எப்போதும் முழுதாக மூடிய நிலையிலேயே படம் எடுக்கும். 'இ' வகை எப்போதும் திறந்தே இருக்கும். டி3400-ஓடு வந்த ஏஎஃப்-பி 18-55 லென்ஸுக்கு மின்சாரம் இல்லாமல் ஃபோகஸ் ரிங்கே வேலை செய்யாது. இரண்டு கேமராவுக்கும் பொதுவாக ஒரே லென்ஸ் வேண்டும் என்றால் ரிங் உள்ள ஏஎஃப்-டி 50 மி.மீ. வாங்குங்கள். மாமாவின் எஃப்எம்10-இல் இப்போது இருப்பது அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றி என் பாடியில் மாட்டிக்கொள்கிறேன்.