நாடி அலைச் சோதனைக்கு வருமுன் இதைப் படித்துவிடுங்கள்

மருத்துவர் சீட்டில் 'பி.டபிள்யூ.வி.' என்று எழுதி அனுப்பினால், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வந்து நிற்கப்போவது என்னைப் போன்ற ஒரு டெக்னீஷியன் முன்னால்தான். இதயத்திலிருந்து கிளம்பும் நாடி அலை எவ்வளவு வேகமாகத் தமனியில் ஓடுகிறது என்று பார்க்கும் சோதனை இது. ஊசி கிடையாது, வலி கிடையாது. குழாய் விறைத்திருந்தால் அலை வேகமாக ஓடும். வேகம் கூடினால் நல்லது என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. இங்கே கணக்கு தலைகீழ்.

வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "காபி குடிச்சீங்களா?" கேன்டீன் எங்கள் அறைக்கு எதிரிலேயே இருக்கிறது, என்ன செய்ய? சோதனைக்கு முந்தைய மூன்று மணி நேரம் காபி, டீ, சாப்பாடு, சிகரெட், பீடி எதுவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொளதொளப்பான உடையில் வாருங்கள், ஏனென்றால் ஒரு சென்சார் கழுத்தில், இன்னொன்று தொடை இடுக்கில் வைக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், ஆள் மாற்றிக்கொள்ளலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்றது என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அப்படிப்பட்ட துடிப்பில் வரும் எண்ணை நம்ப முடியாது.

பத்து நிமிடம் படுத்திருக்கச் சொல்வேன். பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. அப்புறம் டேப்பை எடுத்து இரண்டு சென்சார்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பேன். தொப்பை மேல் டேப் வளைந்து போனால் தூரம் கூடிவிடும், இல்லாத விறைப்பு இருப்பதாகக் காட்டும். அதனால் டேப்பைத் தொப்பைக்கு மேலே நேராகப் பிடிப்போம். 65 செ.மீ. வந்தால் அதில் 80 சதவீதம், அதாவது 52 செ.மீ. கணக்கில் சேரும். அலை கழுத்துக்கு வந்ததற்கும் தொடைக்கு வந்ததற்கும் இடைவெளி 65 மில்லி நொடி என்றால் வேகம் நொடிக்கு 8 மீட்டர். 52 மில்லி நொடியிலேயே வந்துவிட்டால் 10. இரண்டு முறை அளப்போம். வித்தியாசம் 0.5 மீட்டரைத் தாண்டினால் மூன்றாவது முறையும் அளந்து நடு எண்ணை எடுப்போம்.

இந்த 10 என்பதுதான் 2013 ஐரோப்பிய ரத்த அழுத்த வழிகாட்டுதல் போட்ட கோடு; அதைத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது என்று அர்த்தம். 2007-இல் அது 12 ஆக இருந்தது; தூரத்தைக் கணக்கிடும் முறை மாறியதால் எண்ணும் மாறியது. கைக்கும் கணுக்காலுக்கும் பட்டை கட்டி அளக்கும் இயந்திரத்தில் எண்கள் இயல்பாகவே பெரிதாக வரும். அங்கே வாங்கிய 14-ஐ இங்கே போடும் கோட்டோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

சரி, குழாய் ஏன் விறைக்கிறது? வயது ஒரு காரணம். அதை வேகப்படுத்துவது ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் முரட்டு மூலக்கூறுகள் உடலில் மிதமிஞ்சிப் போவது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு இழுவை இழப்பதுபோல. தமனியின் உள்பூச்சு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கிறது. சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறு அதைப் பிடித்து வேறொன்றாக மாற்றிவிடுகிறது. பிறகு நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிற நொதியே தடம் புரண்டு சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்க ஆரம்பிக்கும். சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகளை வெட்டும் நொதிகளும் கிளர்ந்தெழும், அந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் சேரும். எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் சிறு வயதிலும் உருவாகி முடிந்துவிடுவது. அறுந்ததை உடல் பழையபடி நெய்து தராது. சர்க்கரை நோயில் இன்னொரு தொல்லை: சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். விறைத்த குழாயில் ஒவ்வொரு துடிப்பும் பலமாக மோத, சுவர் மேலும் சூப்பர் ஆக்சைடு சுரக்கும்.

வீட்டு பி.பி. கருவியிலும் இதன் சாயல் தெரியும். 158/72 என்று காட்டிவிட்டு, "கீழ்ப்பிரஷர் நார்மல்தானே" என்று சந்தோஷப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள்: 86. வயதானவர்களுக்கு இந்த இடைவெளி 60-ஐத் தொட்டாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

"அப்போ ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த முரட்டு மூலக்கூறுகளை அடக்கும் என்று சொல்லி விற்கும் இந்த மாத்திரைக்கு மருந்துக்கடையில் தனி அலமாரியே இருக்கிறது. 2002-இல் முடிவு வந்த பிரிட்டன் ஆய்வில் 20,536 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-இல் தெரிந்தது. என் கருத்து, அந்தக் காசைக் கீரைக்கும் கொய்யாவுக்கும் கொடுங்கள்.

சூப்பர் ஆக்சைடு கிளம்பும் இடங்களைக் குறிவைப்பதுதான் புத்திசாலித்தனம்: புகை, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, கூடிய பி.பி. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே உப்பு கணிசமாக இறங்கும். நடையை விடாதீர்கள். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சி செய்யாமலிருந்த நடுவயது ஆண்கள் மூன்று மாதம் பெரும்பாலும் நடந்தே கழுத்துத் தமனியின் நெகிழ்வைச் சுமார் 25 சதவீதம் கூட்டினார்கள்.

சில மாதம் கழித்துத் திரும்ப அளக்கச் சொன்னால் அதே இயந்திரத்தில், அதே நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் அளந்தபோது இருந்த பி.பி.யும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பி.பி. ஏறினால் இந்த எண்ணும் கூடவே ஏறும். இல்லையென்றால் கிளம்புமுன் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.