தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சொந்தப் பாட்டு போடுற பேண்டுங்களுக்கு: நாங்க விழுந்த குழிங்க

எங்க பேண்ட் உடைஞ்சது மேடையில இல்ல, சாட்ஸ்வர்த்ல ஒரு கல்யாண மண்டபத்து கார் பார்க்ல. ராத்திரி 1 மணி, பெட்ரோல் யாரு போட்டா, ஆம்ப் வாடகை யாரு குடுத்தா, மிச்சம் ஆளுக்கு எவ்வளவுன்னு போன் வெளிச்சத்துல கணக்கு போட்டுட்டு இருந்தோம், டிரம்மர் பேசாம கேட்டுட்டே இருந்தான், அப்புறம் அவனோட ஸ்னேர் டிரம்ம தூக்கி வண்டியில வெச்சுட்டு கெளம்பிட்டான், போனவன் போனவன்தான். ஆறு வருஷம் சேந்து வாசிச்சோம், முடிச்சது ஒரு 300 ராண்ட். வாசிக்கத் தெரியாம அழிஞ்ச பேண்ட நான் அதிகம் பார்த்ததில்ல, பேச வேண்டியத பேசாம அழிஞ்சதுங்க நிறைய.

அதனால முதல்ல காசு. நண்பன்கிட்ட காசு பேசினா அசிங்கம்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அத முதல் ஷோவுக்கு முன்னாடியே தூக்கிப் போடுங்க. 4 பேர்னா வர்ற காச 5 பங்கா பிரிங்க, அஞ்சாவது பங்கு பேண்டுக்கு. கம்பி அறுந்தா, வண்டி பஞ்சர் ஆனா, ரெக்கார்டிங் போனா எல்லாம் அதுலேந்துதான், அந்த காசு எவன் பர்சுலயும் இருக்கக் கூடாது. நாங்க இத பண்ணியிருந்தா அந்த டிரம்மர் இன்னும் எங்ககூட இருந்திருப்பான்.

கல்யாணத்துக்கு வாசிக்கறது தப்பான்னு சின்னப் பசங்க கேப்பாங்க. தப்பே இல்ல, இங்க காசு அங்கதான் இருக்கு, சினிமா பாட்டு நாலு மணி நேரம் வாசிச்சா சோறும் போட்டு காசும் குடுப்பாங்க, சொந்தப் பாட்டு வாசிச்சா பப்ல ரெண்டு பீர் குடுப்பான். தப்பு எங்கன்னா, ப்ராக்டிஸ் முழுக்க கல்யாணப் பாட்டுக்கே போயிடும், எட்டு மாசம் கழிச்சு பார்த்தா புதுப் பாட்டு ஒண்ணு கூட இருக்காது. அந்த வேலைக்கு வேற பேரு வெச்சுக்கங்க, ப்ராக்டிஸ் நாளையும் தனியா வெச்சுக்கங்க. சொந்தப் பாட்டு கேக்க வர்றவன் உங்க பேண்ட் பேர தேடினா மாப்பிள்ளை ஊர்வல வீடியோ வந்து நிக்கக் கூடாதுல்ல.

இப்ப பெரிய விஷயம், பாட்டு யாரோடது. ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, அத போட்டவன் ஒருத்தன், வரி எழுதினவ ஒருத்தி, டிரம்மரு நான் நடுவுல அந்த டிரம் ப்ரேக் வாசிக்கலன்னா இது பாட்டே இல்லம்பான். சமமா பிரிச்சாலும் சரி, எழுதினவங்களுக்கு அதிகம்னாலும் சரி, ஆனா பாட்டு முடிஞ்ச அன்னிக்கே ஒரு தாள்ல யாருக்கு எத்தன சதவீதம்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டுடுங்க. பாட்டு ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பேசினா ஒவ்வொருத்தனுக்கும் ஞாபகம் வேற மாதிரி இருக்கும்.

சாலமன் லிண்டாவ யாரும் மறக்கக் கூடாது. நம்ம டர்பன் இருக்கற நேட்டால் பக்கத்துக்காரர்தான், 1939ல ஜோகன்னஸ்பர்க்ல ‘இம்புபே’ன்னு ஒரு பாட்டு பாடி பதிவு பண்ணாரு, பாட்டோட உரிமைய 10 ஷில்லிங்குக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அதே மெட்டு அமெரிக்காவுக்கு போய் வேற வரியோட 1961ல பெரிய ஹிட் ஆச்சு, 1994ல டிஸ்னி படத்துலயும் வந்துச்சு, உலகமே அத முணுமுணுத்துச்சு, மனுஷன் 1962லயே வறுமையில செத்துட்டாரு. அவரு குடும்பத்துக்கு ஒரு உடன்பாடு கிடைக்கறதுக்கு 2006 ஆச்சு. அப்புறம் அமெரிக்காவுல டெட்ராய்ட்காரர், பாடகர் ரோட்ரிகஸ், அவரு ஆல்பம் நம்ம ஊருல வீட்டுக்கு வீடு ஓடுச்சு, அவருக்கு அதுவே பல வருஷம் தெரியாது, 1998ல இங்க வந்து மேடை ஏறினப்பதான் எவ்வளவு பேரு தன் பாட்ட மனப்பாடமா வெச்சிருக்காங்கன்னு நேர்ல பார்த்தாரு. ரெண்டு பேருமே பெரிய கலைஞருங்க, அப்படியும் காகிதம் அவங்க கையில இல்ல.

சரி, பாட்டுக்கு காசு வரணும்னா எங்க பதியணும். இங்கதான் எல்லாரும் குழம்புவாங்க, நானும் மூணு வருஷம் குழம்பினேன். சாம்ரோ, கபாசோ, சாம்ப்ரான்னு மூணு அமைப்பு, ராயல்டி, அதாவது உரிமைக் காச, வசூல் பண்ணித் தர்றதுங்க. சாம்ரோங்கறது பாட்டு எழுதினவங்களுக்கு, ரேடியோ, டிவி, மேடை எங்க வாசிச்சாலும் வர்ற ராயல்டி. கபாசோவும் எழுதினவங்களுக்குதான், ஆனா பாட்ட நகல் எடுக்கறதுக்கான காசு, ஸ்ட்ரீமிங் டவுன்லோடு எல்லாம் அதுல வரும். சாம்ப்ரா வேற, அது ரெக்கார்டிங்கோட சொந்தக்காரருக்கும் அதுல வாசிச்சவங்களுக்கும். அதாவது பேஸ் கிட்டார் மட்டும் வாசிச்ச எனக்கு சாம்ரோவுல ஒண்ணும் இல்லன்னாலும் சாம்ப்ராவுல இருக்கு, இது தெரியாம ஒண்ணுல மட்டும் சேந்துட்டு வேல முடிஞ்சுதுன்னு உக்காந்திருந்தேன். உறுப்பினர் ஆனா மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பதியணும், ஷோ முடிஞ்சா செட் லிஸ்ட, அதான் வாசிச்ச பாட்டோட பட்டியல, அனுப்பணும். எங்க வாசிச்சீங்கன்னு நீங்க சொல்லலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்.

ரிலீஸ் பண்றப்ப அவசரம் வேணாம். எங்க பாட்டு வியாழக்கிழமை மிக்ஸ் முடிஞ்சு வெள்ளிக்கிழமையே வெளிய வந்துச்சு, அம்மாவும் சித்தப்பா பசங்களும் கேட்டாங்க, அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபைல ப்ளேலிஸ்ட்டுக்கு பாட்டு பொறுக்கற எடிட்டர்கிட்ட நம்ம பாட்ட நீட்டணும்னா ரிலீசுக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி அனுப்பணும், நான் 4 வாரம் ஒதுக்க சொல்லுவேன். 30 செகண்ட் கேட்டாதான் அங்க ஒரு தடவ ஓடினதா கணக்கு, அதனால ஒரு நிமிஷம் காத்து சத்தமும் மழை சத்தமும் போட்டு பாட்ட தொடங்குற ஆசைய ஆல்பத்தோட கடைசிப் பாட்டுக்கு வெச்சுக்கங்க. 2024லேந்து இன்னொண்ணு, கடந்த 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அங்க ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. பன்னெண்டு பாட்ட ஒரே நாள்ல கொட்டினா பாதி அந்தக் கோட்ட தாண்டாது, ஒவ்வொண்ணா விடுங்க. நம்ம பாட்ட ஸ்ட்ரீமிங் தளங்கள்ல ஏத்தற டிஸ்ட்ரிப்யூட்டர் விஷயத்துல வருஷ சந்தா முறை இருந்தா, சந்தா நின்னா பாட்டும் போயிடுமான்னு முதல்லயே படிச்சுடுங்க.

ஊர் சுத்தறது. ஜோகன்னஸ்பர்க் இங்கேந்து 570 கிலோமீட்டர் சொச்சம், கேப்டவுன் 1,600க்கு மேல, ஒரு ஷோவுக்காக அவ்வளவு தூரம் பக்கி ஓட்டிட்டுப் போறது வீரம் இல்ல, பெட்ரோலும் டோலும் சேந்து மொத்த காசையும் தின்னுடும். (பக்கின்னா இங்க பிக்கப் வண்டி, நம்மூரு அர்த்தத்துல எடுத்துக்காதீங்க, எங்க பாடகர அந்த அர்த்தத்துல சொல்லலாம்.) பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித்னு வழியில ரெண்டு ஷோவாவது கிடைச்சாதான் கெளம்பணும். முதல் ரெண்டு வருஷம் பக்கத்துல சுத்துங்க, அண்டர்பெர்க் கிட்ட ஸ்ப்ளாஷி ஃபென் விழா 1990லேந்து நடக்குது, மலையடிவாரம், கூட்டம் பாட்டு கேக்கவே வர்றது. ஆனா அது ஈஸ்டர் சமயம். அதே சமயம்தான் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, எங்க கீபோர்டுக்காரி வீட்டுல வேண்டுதல், அவள கேக்காமயே ஒரு தடவ ஈஸ்டர் தேதிக்கு சரின்னு சொல்லிட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு பேர் வீட்டு காலண்டரையும் பார்க்காம எந்தத் தேதிக்கும் தலையாட்டாதீங்க.

கரண்ட் பத்தி சுருக்கமா, சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாம டிஜிட்டல் மிக்சர மாட்டாதீங்க, லோட் ஷெட்டிங் முடிஞ்சு கரண்ட் திரும்பி வர்ற அந்த நொடிதான் சாமான கொல்றது. காது பத்தி இன்னும் சுருக்கமா, 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான் பாதுகாப்புன்னு அமெரிக்க தொழில் சுகாதாரக் கணக்கு சொல்லுது, நம்ம ப்ராக்டிஸ் ரூம்ல மூணு மணி நேரம் ஓடுது, இயர் பிளக் போடுங்க. எனக்கு இடது காதுல ஒரு கீச்சு சத்தம் எப்பவும் இருக்கு, இத டைப் பண்றப்பவும்.

அப்புறம் பாஸ்வேர்டு. எங்க இன்ஸ்டாகிராம ஆரம்பிச்சது முதல் கிட்டாரிஸ்டோட அப்போதைய காதலி, அவ மெயில் ஐடியில. ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க, அவன் பேண்ட விட்டும் போயிட்டான், அந்தப் பக்கத்துல இப்ப எங்க பேண்ட் பேருல கேக் விக்கிறாங்க. கேக் நல்லாத்தான் இருக்கு, போன மாசம் எங்க வீட்டு பர்த்டேக்கு அங்கதான் ஆர்டர் பண்ணோம்.